வாவிக்கரையும் பொறியியற் கல்லூரியும்



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரு கேள்வி எழுவதுண்டு. கணிதப் பிரிவிற் சித்தியெய்திய பிள்ளை இருக்கும் வீட்டிலே தாயும் தந்தையும் தாய்மாமனும் கற்பித்த ஆசிரியரும் கூடியிருந்து, விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது என்று ஆராய்வர். மொறட்டுவையா, பேராதனையா, ஒலுவிலா, கிளிநொச்சியா, காலியா என்று பேச்சு நள்ளிரவு வரை நீளும். பொறியியல் கற்க விரும்பும் பிள்ளைக்குக் கல்லூரி தேர்வது பெருங்காரியந்தான். ஆயினும் இந்தக் கேள்வி மிக இளமையான கேள்வி. இந்த வீட்டுப் பாட்டனார் காலத்தில் இதனைக் கேட்க இடமே இருக்கவில்லை. கல்லூரி ஒன்றே, அதுவும் நாட்டின் மறுகோடியில் இருந்தது. அந்த ஒன்று எவ்வாறு பலவாயிற்று, அக்காலத்தில் வாவிக்கரைப் பிள்ளையின் நிலை என்ன என்பதையே இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

பொறியியல் என்னும் பெயரை அறியாத காலத்திலும் பொறியியலின்றி வாழ முடியாத நாடு மட்டக்களப்பு. வடக்குத் தெற்காக முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் உவர்நீருக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்தது படுவான்கரை. படுவான்கரையிலே உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி என்று குளங்களின் பெயர்களே ஊர்களின் முகவரியாய் இருக்கக் காண்கின்றோம். மாரியில் வெள்ளம் பெருகி வயலை மூடும்போது முகத்துவாரத்தின் மணற்றடையை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். எப்போது வெட்டுவது என்பது விளையாட்டான முடிவன்று. காலந்தாழ்த்தினால் நெல் அழுகும்; முந்தினால் வாவியின் நீர் வற்றி மீன்பிடிப்பவன் வாடுவான். வட்டைகள்தோறும் நீர் பங்கிட்ட வட்டை விதானைமார் இவ்வறிவைத் தந்தையிடமிருந்தும் தாய்மாமனிடமிருந்தும் பெற்றனர். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, படமும் இல்லை. மண்ணின் ஈரத்தைக் காலால் மிதித்தே அளந்தனர்.

இவ்வறிவு இருந்த நாட்டிற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே வேறொரு பொறியியல் வந்து சேர்ந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டில், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அவரே மட்டக்களப்பின் தென்பகுதியிலிருந்த இறக்காமக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் திருத்துவித்தவர். 1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியே அமைந்தது. 1924இல் வாவியின் மேல் கல்லடிப் பாலம் எழுந்தது. தேசாதிபதி மானிங் துரையின் பாரியார் பெயரால் அதனை மானிங் சீமாட்டி பாலம் என்றனர். 1928இல் மாகோவிலிருந்து கிளைத்துவந்த புகையிரதப் பாதை மட்டக்களப்பை அடைந்தது. குளக்கட்டும் பாலமும் தண்டவாளமும் வந்தன. அவற்றைக் கணித்து வரைந்தவர்கள் வெளியிலிருந்து வந்தனர். மண் சுமந்தவரும் கல்லுடைத்தவரும் உள்ளூரார். இடையிலே நின்ற ஓவசியர் உத்தியோகமே படித்த பிள்ளைக்கு எட்டக்கூடிய உயரமாயிருந்தது.

ஏன் அவ்வாறு இருந்தது? வரைபடம் கற்பிக்கும் இடம் மருதானையில் இருந்தமையால். 1893ஆம் ஆண்டில் கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை திறக்கப்பட்டது. பொதுவேலைத் திணைக்களம், புகையிரதம், தந்தி ஆகியவற்றுக்கு வேண்டிய கீழ்நிலை உத்தியோகத்தரை ஆக்குவதே அதன் முதல் நோக்கம். எந்திரியை ஆக்குவதற்கு அது எழுந்ததன்று; எந்திரியின் கீழ் நிற்பவனை ஆக்குவதற்கே எழுந்தது. எனினும் அறிவுக்கு எல்லை கட்ட எவராலும் முடிவதில்லை. அங்கே பயின்ற டி. ஜே. விமலசுரேந்திரா என்பவர், பொதுவேலைத் திணைக்களத்திலே பணிபுரிந்தபடி மலைநாட்டு அருவிகளை அளந்து, அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அவருடைய எண்ணத்தின் முதற் பெரும்பயனாகிய லக்சபானா மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு!

வாவிநாட்டிலிருந்து அதே மருதானைக்குச் சென்ற ஓர் இளைஞரை நேயர்கள் அனைவரும் அறிவீர்கள். ஆனால் இந்தச் சார்பிலே அவரை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆந் திகதி காரைதீவிலே பிறந்த மயில்வாகனனாரே அவர். கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்னர் மருதானையிலே விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். அடுத்த ஆண்டு அத் தொழில்நுட்பக் கல்லூரியின் இரசாயனகூடத்திலேயே சிலகாலம் பணி புரிந்து, பின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராகச் சென்றார். இவரே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1931இல் அமர்ந்தவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் வந்தவர். 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர்.

அடிகளாரை யாழ் நூலாசிரியராய் மட்டும் போற்றுகின்ற நாம், சோதனைக் குழாயைக் கையில் ஏந்திய அவ்விளைஞரை மறந்துவிடுகின்றோம். யாழின் நரம்பு நீளங்களையும் சுருதி விகிதங்களையும் கணக்கிட்டுக் காட்டிய கை, மருதானையிலே அளவைக் கருவிகளோடு பழகிய கை. 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்கு அவர் தலைமை தாங்கினார். அதன் விளைவாகிய கலைச்சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. விஞ்ஞானம் கற்க வேறொரு மொழியின் வாசலில் நின்றவர், தம் பின் வருவோர் தம் மொழியிலே அதனைப் படிக்க வழிசெய்ய முயன்றார் என்று கொள்வது பொருந்தும். 1929இல் கல்லடி உப்போடையிலே எழுந்த சிவானந்த வித்தியாலயமும் அவ்வழியின் ஒரு படியே.

பாடசாலை என்ற படி இன்றேல் கல்லூரி என்ற மாடிக்கு ஏற முடியாது. மட்டக்களப்பிலே மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரால் தொடங்கப்பட்டது. தீவின் மிகப் பழைய ஆங்கிலப் பாடசாலைகளில் ஒன்று. புனித மைக்கேல் கல்லூரி 1873ஐத் தன் தொடக்கமாகக் கொள்கின்றது. பெண்களுக்கு வின்சன்ட் பாடசாலை 1820 முதல் உண்டு. பழமையில் எந்த ஊருக்கும் இளைத்ததல்ல இந்நாடு. ஆனால் இப்பெயர்களை மீண்டும் ஒருமுறை கேளுங்கள்: அனைத்தும் எழுவான்கரையைச் சார்ந்தவை, அல்லது வாவி சூழ்ந்த புளியந்தீவில் உள்ளவை. பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்கும் ஆய்வுகூடம் நெடுங்காலம் வாவியைக் கடந்து மேற்கே செல்லவில்லை. குளத்து நீரோடு பிறந்து வளர்ந்த படுவான்கரைப் பிள்ளை, நீரியல் படிக்க வேண்டுமாயின் முதலில் தோணியேறித் தன் குளத்தை விட்டு அகல வேண்டியிருந்தது.

அடுத்து, பல்கலைக்கழகக் காலம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்போது அதில் மருத்துவம் இருந்தது, கலை இருந்தது, விஞ்ஞானம் இருந்தது, பொறியியல் இல்லை. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்தபடி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பதே உள்நாட்டிற் பொறியியற் பட்டம் பெறும் வழியாயிருந்தது. வசதி உள்ளவர்கள் இங்கிலாந்துக்குச் செல்லலாம். அல்லது சென்னையை நாடலாம். 1794இல் நில அளவைப் பாடசாலையாய்த் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரி, ஆசியாவின் மிகப் பழைய தொழில்நுட்பக் கல்விக்கூடங்களில் ஒன்று. மட்டக்களப்பிலிருந்து அங்கு செல்வோர் முதலில் மேற்கே மாகோவுக்குச் சென்று, வடக்கே திரும்பித் தலைமன்னாரை அடைந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிப் பின்னும் ஓரிரவு புகையிரதத்தில் இருக்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழியும் அற்றுப்போயிற்று.

வழி நீளமென்பது ஒன்று. பணம் என்பது மற்றொன்று. மட்டக்களப்பிலே பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது தாய்வழி வந்த வழக்கம். குடும்பத்தின் தேட்டமெல்லாம் மகளின் வீட்டுச் சுவராக எழுந்துவிடும். மகனைக் கடல் கடந்து படிக்க அனுப்புவதென்றால் அச்சுவர் எழுவது நிற்கும். தங்கையின் கலியாணம் தள்ளிப்போகும். ஆதலால் எந்திரியாகும் ஆசையை எத்தனை அண்ணன்மார் தமக்குள்ளே வைத்துக்கொண்டு எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் போயினர் என்பதை எந்த அறிக்கையும் கணக்கிட்டதில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி இந்தப் பாரத்தைப் பெரிதும் இறக்கியது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை வாவிக்கரையும் நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டது.

1950ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கொழும்பிலே தொடங்கியது. பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா அதன் முதற் பீடாதிபதி. தொடக்கத்தில் அதற்குத் தனக்கென ஓர் இல்லமில்லை. தற்காலிகக் கட்டடங்களே உதவின. அந்தக் கட்டடங்களிலிருந்து வெளிவந்தவர்களைப் பாருங்கள்: வடமராட்சி இமையாணனிலிருந்து வந்த அழகையா துரைராசா 1957இல் முதல் வகுப்பிற் தேறி, கேம்பிரிட்ஜ் சென்று, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் அறிஞர்களோடு 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வு மண்பொறியியல் கற்போர் எங்கும் அறிந்தது. 1964இல் பட்டம் பெற்ற பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை இலங்கையின் முதற் பெண் எந்திரியானார். மகள் எந்திரியாவதா என்று மூக்கில் விரல் வைத்த காலம் அது.

இதே ஆண்டுகளில் மட்டக்களப்பிலே நிகழ்ந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் பேரணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற மிகப் பெரிய நீர்த்தேக்கம் மலைகளுக்கிடையே விரிந்தது. இராட்சத இயந்திரங்கள் மலையைக் குடைந்து மண்ணைக் குவித்தன. நாட்டின் பொறியியற் பீடம் கொழும்பிற் பிறந்த அதே ஆண்டுகளில், நாட்டின் மிகப் பெரிய பொறியியல் வேலை மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. மாணவர் ஓரிடம், வேலை ஓரிடம்! அக்காலத்தில் அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டமே. 1961இல்தான் அது தனி மாவட்டமாய்ப் பிரிந்தது.

இப் பேரணையின் நிழலில் ஒரு கல்விக்கூடமும் முளைத்தது. கனடாவின் சஸ்காச்செவன் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் கற்பித்த இவான் ஹார்டி என்பவரின் பெயர் தாங்கி, 1950களில் அம்பாறையில் ஹார்டித் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. பட்டம் தரும் இடமன்று; தொழில்நுட்பவியலாளரை ஆக்கும் இடம். வாய்க்காலின் ஓரத்திலேயே வாய்க்காலைக் கற்பித்த இவ்வழி, மருதானைக் கரும்பலகையிலும் சிறந்ததென்பது என் எண்ணம். ஆனால் டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் இடையே சமூகம் எழுப்பியுள்ள மதில் உயரமானது. பிள்ளையை அம்பாறைக்கு அனுப்பிய தந்தை அதனை மெல்லச் சொன்னார்; கொழும்புக்கு அனுப்பியவர் உரத்துச் சொன்னார்.

1964ஆம் ஆண்டளவில் பொறியியற் பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கலைப்பீடம் ஒரு கரையிலிருக்க, மகாவலியின் மறுகரையில் பொறியியல் குடிகொண்டது. மற்றொரு புறம், கனடாவின் உதவியோடு 1960இல் கட்டுபெத்தையில் நிறுவப்பட்ட தொழில்நுட்ப நிறுவனம், 1966இல் இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியாயிற்று; 1972இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று; 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. மருதானையின் வாரிசு என்று அதனைச் சொல்லுதல் தகும். ஆக, வாசல் இரண்டாயிற்று. பேராதனையா, கட்டுபெத்தையா என்ற கேள்வி வாவிக்கரை வீட்டில் முதன்முதலாக எழுந்தது அப்போதுதான்.

கேள்வி எழுந்த சிறிது காலத்திலேயே விடையை வேறொருவர் எழுதத் தொடங்கினார். பாடசாலைகளில் விஞ்ஞானமும் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டு, பரீட்சையும் அம்மொழிகளிலே நடக்கத் தொடங்கியிருந்த காலம். 1971ஆம் ஆண்டு அனுமதியில், மொழிமூலத்துக்கேற்ப வெட்டுப்புள்ளி வேறாக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளுள் சிங்கள மொழிமூல மாணவர் 227 பெற்றால் போதும். தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டும். ஒரே தாள், ஒரே பாடம், இருவேறு வாசற்படி. தரப்படுத்தல் என்று பெயர் பெற்ற இம்முறை தமிழ் இளைஞரின் உள்ளத்தில் ஆற்றிய புண்ணின் ஆழத்தை இந்நாட்டின் பின்னைய வரலாறு காட்டும். 240 புள்ளி எடுத்த பிள்ளைக்கு, எந்தக் கல்லூரி என்ற கேள்வியே அற்றுப்போயிற்று.

1974இல் மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு வந்தது. இங்கே நம் வாவிநாட்டின் கதை யாழ்ப்பாணத்தின் கதையிலிருந்து பிரிகின்றது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சிறந்த பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணத்துக்கு மாவட்டப் பங்கு இழப்பைத் தந்தது. பொறியியலுக்கு ஓரிரு பிள்ளைகளை அனுப்பவே திணறிய மட்டக்களப்புக்கு, சனத்தொகைக்கேற்ற சில இடங்களை அதே முறை ஒதுக்கிவைத்தது. மொழியால் தள்ளிய கை, மாவட்டத்தால் இழுத்துக்கொண்டது போன்ற நிலை. இதனால் ஒரே மொழி பேசும் இரு பிரதேசத்தாரிடையே மனக்கசப்பு எழுந்ததும் உண்மை. எவருடைய பிள்ளைக்கு உரியதை எவருடைய பிள்ளை பெற்றது என்ற அந்தப் பழைய வழக்கு இன்றும் சில வீடுகளிற் தீரவில்லை.

பின்னர் மொழிமூலத் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கு நிலைத்தது. இப்போது கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதிப்படியும், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் அளிக்கப்படுகின்றது. மட்டக்களப்பும் அம்பாறையும் அப்பதினாறில் உள்ளவை. 2001 முதல் இசட் புள்ளி என்னும் கணிப்புமுறை நடைமுறையில் உள்ளது. முறை நியாயமானதா என்று வாதிடுவோர் இரு பக்கமும் உளர். நான் ஒன்றை மாத்திரம் கேட்பேன்: மாவட்டம் என்ற கோட்டை வரைந்தவர், வாவியைப் பார்த்தாரா? நகரத்துப் பாடசாலையில் ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் சூழப் படித்த எழுவான்கரைப் பிள்ளையும், கணித ஆசிரியர் வருவாரா என்று வழிபார்த்திருந்த படுவான்கரைப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பங்குக்குப் போட்டியிடுகின்றனர். மாவட்டம் பின்தங்கியது என்பதால் கிடைத்த இடம், அம்மாவட்டத்தில் முன்னிற்பவனையே பெரும்பாலும் சென்றடைகின்றது.

1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் அங்கே இருந்தன. பொறியியற் பீடம் அமையவில்லை. அமைந்திருந்தாலும் அந்த ஆண்டுகள் அதனைத் தாங்கியிருக்குமோ! யுத்தம் புகையிரதத்தை நிறுத்தியது, வீதியை மூடியது. பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ இடங்கிடைத்த பிள்ளையை அனுப்புவதா, உயிரோடு வீட்டில் வைத்திருப்பதா என்று பெற்றோர் கலங்கினர். 1990இல் வந்தாறுமூலை வளாகமே அகதி முகாமாயிருந்தபோது, செப்டம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஓகஸ்ட் 15ஆந் திகதி, அமெரிக்க யேசு சபைத் துறவியும் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தியவருமான வண. பிதா யூஜின் ஹீபர்ட், வாழைச்சேனைப் பகுதியிலிருந்து திரும்பும் வழியிற் காணாமற்போனார். கூடைப்பந்துப் பயிற்றுநராக நகரத்து இளைஞர் அவரை அறிந்திருந்தனர். பல்கலைக்கழகம் புகாத ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பித்தவர் அவர்.

புதிய வாசல்கள் இதன் பின்னரே திறந்தன. 1999இல் றுகுணுப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் காலியில் வந்தது. யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்த முஸ்லிம் மாணவரின் தேவையால் 1995இல் பிறந்த ஒலுவில் நிறுவனம், தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, 2012இல் பொறியியற் பீடம் பெற்றது. 2014இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. 1988 முதல் 1994இல் மறையும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் துரைராசா நெடுங்காலம் விரும்பிய காரியம் அது. அதன் முதல் மாணவரைக் காண அவர் இல்லை.

ஆகவே இன்றைய வீட்டில் நள்ளிரவு வரை நீளும் பேச்சுக்கு வருவோம். பெரும்பாலான பெற்றோர் பழமையின்படி வரிசை எழுதுகின்றனர்: மொறட்டுவை, பேராதனை, பின் மற்றவை. பழமைக்கு மதிப்புண்டு; நூலகமும் பட்டறையும் பேராசிரியர் குழாமும் ஒரு நாளில் வளர்வன அல்ல. 2014இல் இலங்கை எந்திரிகள் நிறுவகம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்தவரானபின், அந்நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம் பிறநாடுகளிலும் மதிக்கப்படுகின்றது. ஆதலின் விரும்பும் பீடத்தின் கற்கைநெறிக்கு அவ்வங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரிப்பது, ஊரார் சொல்லும் பெருமையை விசாரிப்பதிலும் பயனுள்ளது. எந்தப் பீடம் எத்துறையில் வலிமையுடையது என்பதும் அவ்வாறே. குடிசார் பொறியியலா, மின்னா, இயந்திரமா, கணினியா என்று பிள்ளைக்கே இன்னும் தெளிவில்லாதபோது, தெரிவை முதலாண்டு கற்ற பின்னரே செய்ய இடந்தரும் பீடம் நல்லது. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்: எந்தப் பீடம் சென்றாலும் போதனை ஆங்கிலத்திலேயே. தமிழிற் பௌதிகவியல் படித்த பிள்ளை முதல் ஆண்டில் இருமுறை படிக்கின்றான். ஒருமுறை பாடத்தை, ஒருமுறை மொழியை. தூரத்துப் பீடம் என்பதால் வரும் இடரைவிட இவ்விடர் பெரிது. பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையே மாதக்கணக்கிற் கிடைக்கும் ஓய்வை இதற்குச் செலவிடலாம்.

கல்லடியிலே 2013இல் யப்பானின் உதவியோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய மானிங் பாலம் பக்கத்திலே நிற்கின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியை வழித்தெடுத்ததையும், 1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயலையும் தாங்கி நின்ற இரும்பு அது. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற பழைய கேள்வியும் ஒவ்வொரு மாரியிலும் மீண்டும் எழுகின்றது. இப்போது அதனை முடிவுசெய்யும் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விவசாயப் பிரதிநிதிகளும் மீனவரும் அமர்கின்றனர்.

மயில்வாகனனார் பிறந்த காரைதீவிலிருந்து தெற்கே பேருந்தேறினால் நிந்தவூரைக் கடந்து ஒலுவிலை அடையலாம்; ஒரு பொறியியற் பீடத்துக்கு அவ்வளவே தூரம். ஆயினும் இடத்தை அளிப்பது இசட் புள்ளியும் விருப்பவரிசையும் ஆதலால், காரைதீவுப் பிள்ளை காலிக்குப் போவதுண்டு. காலிப் பிள்ளை பெட்டியோடு ஒலுவிலில் வந்திறங்கி, மொழி தெரியாத கடையில் தேநீர் கேட்பதும் உண்டு.